பெயர் ஒன்று, பலம் வேறு

ஓசூரில் டிவிஎஸ், அசோக் லேலண்ட் போன்ற ஆலைகளை நம்பி வளர்ந்த உதிரிபாகத் தொழில், இன்று நெடுஞ்சாலையோடு சூளகிரி, குருபரப்பள்ளி, குந்தாரப்பள்ளி வட்டாரம் வரை பரவிவிட்டது. டை, ஜிக், ஃபிக்ஸ்சர் போன்ற உற்பத்திக் கருவிகளை வடிவமைத்துத் தரத் தனியே தொழில் தொடங்கும் இளைஞர்கள் முதலில் நாடுவது பெரும்பாலும் ஒரு கனமான ‘கேமிங்’ லேப்டாப்பைத்தான். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் படித்து வந்த தலைமுறைக்குக் கணினி என்றாலே லேப்டாப் என்பது இயல்பு. ஆனால் படிப்புக்கு உதவிய கருவி பிழைப்புக்கும் உதவுமா?

உதவும் இடங்கள் உண்டு. டை ட்ரையலில் பர்ர் (விளிம்புப் பிசிறு) வந்தால், பிரஸ் பக்கத்திலேயே மாடலைத் திறந்து கிளியரன்ஸைப் பார்க்கலாம். வாடிக்கையாளர் ஆலையிலேயே உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியவருக்கு வேறு வழியே இல்லை. தனித்தனி பாகங்களை வரைவதிலும் லேப்டாப் டெஸ்க்டாப்பைவிடப் பெரிதாகப் பின்தங்குவதில்லை. சாலிட்ஒர்க்ஸ் போன்ற மென்பொருள்கள் மாடலைத் திரும்பக் கட்டும்போது பெரும்பாலும் ப்ராசஸரின் ஒரே கோரைத்தான் நம்பியிருக்கின்றன. நல்ல லேப்டாப்பிலும் அந்த ஒரு கோர் வேகமாகவே ஓடும்.

சிக்கல் வேலை கனக்கும்போது தொடங்குகிறது. ஆர்டிஎக்ஸ் 4070 என்ற கிராஃபிக்ஸ் கார்டையே எடுத்துக்கொள்வோம். டெஸ்க்டாப்பில் அதற்கு 5,888 கோர், 12 ஜிபி நினைவகம், 200 வாட். லேப்டாப்பில் அதே பெயருக்கு 4,608 கோர், 8 ஜிபி. மின்சாரமோ தயாரிப்பாளர் விருப்பப்படி 35 முதல் 115 வாட் வரை. ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ், ரெண்டரிங் என்று மணிக்கணக்கில் ஓடும் வேலைகளில் சூடு வெளியேற இடமில்லாமல் லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிட வேகத்தைக் கடையில் பார்த்து வாங்கியவர், மூன்றாம் மணி நேரத்து வேகத்தோடுதான் தொழில் செய்ய வேண்டியிருக்கும்.

‘கரண்ட் போனாலும் ஓடும்’ என்பது லேப்டாப்புக்காகச் சொல்லப்படும் பெரிய வாதம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் ஊர்களில் அது எளிதில் எடுபடும். ஆனால் விமானப் பயண விதியை ஒட்டி லேப்டாப் பேட்டரிகள் 100 வாட்-மணிக்குள் நின்றுவிடுகின்றன. 150 வாட் இழுக்கும் வேலைக்கு அது 40 நிமிடம். அதுவும் பேட்டரிக்கு மாறியதுமே வேகம் இறங்கிவிடும். வரைபடம் திருத்தச் சில மணி நேரம் தாங்கலாம். கனமான வேலைக்கு டெஸ்க்டாப்பின் யுபிஎஸ்ஸைப் போலவே அதுவும் கோப்பைச் சேமிக்கும் அவகாசம்தான். முழுநாள் மின்தடைக்கு இரண்டுக்குமே ஜெனரேட்டர் வேண்டும்.

பழுதிலும் வித்தியாசம் பெரிது. டெஸ்க்டாப்பில் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் போனால் அதை மட்டும் மாற்றலாம், பெங்களூரு எஸ்.பி. ரோடு ஒரு பேருந்துப் பயணத் தூரம்தான். ராம் போதாவிட்டால் அடுத்த ஆண்டு கூட்டிக்கொள்ளலாம். லேப்டாப்பில் போர்டு போனால் தொழிலே நிற்கும்; பல மாடல்களில் ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்.

டெஸ்க்டாப்பும் குறையற்றதல்ல. வாடகை அறை மாறுகிறவருக்கு அது சுமை. கிரைண்டிங் தூசி பறக்கும் பட்டறை மூலையில் வைத்தால் ஃபேனும் ஹீட்சிங்க்கும் அடைத்துக்கொள்ளும்.

ஆகவே, கனமான வேலை நாளில் எத்தனை மணி நேரம், அது எந்த இடத்தில் நடக்கிறது என்பதே தேர்வின் அளவுகோல். வேலை அலுவலகத்தில், வெளியே போவது கலந்துபேச மட்டும் என்றால், பணத்தை டெஸ்க்டாப்பில் போட்டு, மாடலைக் காட்ட இ-டிராயிங்ஸ் என்ற பார்வை மென்பொருள் ஓடும் சாதாரண லேப்டாப் ஒன்றை வைத்துக்கொள்வது லாபம். வாடிக்கையாளர் இடத்திலேயே நாள் முழுதும் வேலை என்றால் லேப்டாப்தான். ஆனால் கார்டின் பெயரோடு நிற்காமல், வாங்கும் லேப்டாப் மாடலில் அதற்கு எத்தனை வாட், எத்தனை ஜிபி என்று தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும். 35 வாட்டுக்கும் 115 வாட்டுக்கும் பெட்டியின் மேல் ஒரே பெயர்தான் இருக்கும்.