பெண் மனமும் வெண்திரையும்

கதையாசிரியரின் பெயரை விழுங்கிவிடும் ஆற்றல் திரைப்படத்திற்கு உண்டு. ‘இருவர் உள்ளம்’ என்றவுடன் சிவாஜி கணேசனும் சரோஜாதேவியும் நினைவில் எழுவர். அக்கதையைப் படைத்த லட்சுமியின் பெயர் எத்தனை பேர் நாவில் வரும்?

திரிபுரசுந்தரி என்னும் இயற்பெயருடைய லட்சுமி 1921இல் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நாளில், படிப்புச் செலவை ஈடுகட்ட ஆனந்த விகடனில் எழுதினார். ‘லிட்டில் விமன்’ படைத்த அமெரிக்க நாவலாசிரியை லூயிசா மே ஆல்காட்டும் குடும்ப வறுமையைத் தீர்க்கவே பேனா பிடித்தவர். வயிற்றுக்காக எழுதுவது தாழ்ந்த எழுத்து என்னும் எண்ணத்தை இவ்விருவரும் பொய்யாக்கினர்.

‘காஞ்சனையின் கனவு’ 1952இல் ‘காஞ்சனா’வாகத் திரைக்கு வந்தது. ‘பெண் மனம்’ 1963இல் எல். வி. பிரசாத் இயக்கத்தில், மு. கருணாநிதியின் உரையாடலோடு ‘இருவர் உள்ளம்’ ஆயிற்று. தலைப்புகளை ஒப்பிட்டாலே மாற்றம் விளங்கும். முன்னதில் கனவு உதிர்ந்து பெயர் மட்டும் எஞ்சியது. பின்னதில் பெண்ணுக்கே உரிய மனம், நாயகனோடு பங்கிட்ட உள்ளமாயிற்று. வெறுத்தவனுக்கே மனைவியாக நேர்ந்த ஒருத்தியின் அகப்போராட்டம் நாவலின் உயிர். புகழ்பெற்ற நடிகர் நாயகனாகும்போது, அவன் திருந்திய கதைக்கும் சம இடம் தர நேர்ந்தது.

எனினும் திரைப்படத்தைப் பழிப்பது நேர்மையாகாது. உலு யாம் முதலான வட சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். எழுத்தறியும் வாய்ப்பே பெறாத பால்மரம் வெட்டும் பெண்களுக்குத் திடலில் கட்டிய வெண்திரையன்றோ நூலகம்? வார இதழ் எட்டாத லயத்து வீட்டுக்கும் கதையை எட்டச் செய்தது படமே. ஆனால் அவர்களை எட்டியது பாதிக் கதை என்பதையும் மறத்தலாகாது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த லட்சுமி, புலம்பெயர்ந்தோர் வாழ்வையும் எழுதினார். ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு 1984இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. 1987இல் அவர் மறைந்தார்.

படம் என்பது நாவலுக்கு ஒருவர் தரும் விளக்கவுரை. நாவலுக்கு மாற்று ஆகாது. உரையைக் கேட்டோர் மூலத்தையும் தேடிப் படித்தால்தான் அந்தப் பெண்ணின் மனம் முழுமையாகப் பேசும். நாளை நம் தோட்டத்துப் பெண்ணின் கதையைப் படமாக்க முன்வருவோரும், இது யாருடைய மனம் என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.