சோடியம் கிளம்பியபின்

சுவீடனின் வடகோடியில் இருக்கும் கிருனாவை உலகம் இரும்புக்காக அறியும். கருத்த மேக்னடைட்டின் ஊடே அங்கே அபடைட் என்ற பாஸ்பேட் கனிமமும் கிடக்கிறது. சுமார் 190 கோடி ஆண்டுப் பழைமை. 2023 ஜனவரியில், அவ்வூரில் 10 லட்சம் டன்னுக்கு மேல் அருமண் ஆக்சைடுகள் உள்ளதாக அறிவிப்பு வந்தபோது எல்லோரும் டன் கணக்கைப் பேசினார்கள். என் மனம் லயித்தது அபடைட்டுக்குள் நடந்திருக்கும் வேலையில்.

அபடைட்டின் படிக அடுக்கில் கால்சியத்துக்கென்று இடங்கள் உண்டு. சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலான அருமண் தனிமங்கள் பருமனில் கால்சியத்தை ஒத்திருப்பதால் அங்கே அமர்ந்துவிடும். ஆனால் கால்சியத்தின் மின்னூட்டம் இரண்டு, இவற்றுக்கு மூன்று. மிகுதியை ஈடுகட்ட, இன்னொரு கால்சியத்தின் இடத்தில் ஒற்றை மின்னூட்டச் சோடியம் வேண்டும். அல்லது பாஸ்பரஸின் இடத்தில் சிலிக்கான்.

பிறகு பாறைக்குள் வெந்நீர் புகுகிறது. சோடியத்தையும் சிலிக்கானையும் கரைத்துக்கொண்டு போகிறது. துணை போனபின் அருமண் அணுக்களால் அங்கே தங்க முடிவதில்லை. அபடைட்டின் பாஸ்பேட்டையே பற்றிக்கொண்டு மோனசைட்டாகின்றன. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் நாம் அறிந்த அதே மோனசைட். வெளியிலிருந்து ஓர் அருமண் அணுகூட வரத் தேவையில்லை, எடுத்துச் சென்றதாலேயே புதுக் கனிமம் பிறந்துவிடுகிறது!

நடக்கும் விதம் அதைவிட அழகு. நானோமீட்டர் கணக்கில் மெலிந்த நீர்ப்படலம் ஒன்று படிகத்தின் ஓரத்திலிருந்து உள்நோக்கி நகர்கிறது. அதன் முன்னே பழைய அபடைட் கரைய, பின்னே புது அபடைட் படிகிறது. கரைந்ததைவிடப் படிந்தது கொஞ்சம் குறைவு. அந்தக் குறைதான் நுண்துளைகளாக நின்று, மேலும் நீர் உள்ளே செல்ல வழிவிடுகிறது. மோனசைட் முளைக்க இடமும் தருகிறது. இத்தனை நடந்தும் படிகத்தின் விளிம்பும் முகமும் குலைவதில்லை.

எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கனமான அணுக்கள் செறிந்த இடம் வெளுத்துத் தெரியும். நீர் தொடாத அபடைட் வெளிர்சாம்பல். நீர் கழுவிய பகுதி அதைவிட மங்கல். அந்த மங்கலில் மட்டும் மோனசைட் வெண்பொட்டுகளாகத் தெறித்திருக்கும். எல்லைக்கோடு அவ்வளவு துல்லியம்.

ஆய்வாளர்கள் டேனியல் ஹார்லோவும் ஹான்ஸ்-யூர்கன் ஃபோர்ஸ்டரும் மெக்சிகோவின் டுராங்கோ அபடைட்டை வைத்து இந்த மாற்றத்தை ஆய்வகத்தில் நடத்திக் காட்டி, 2003இல் வெளியிட்டார்கள். வெப்பம் 300 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை. வெறும் நீரில் மோனசைட் முளைத்தது. பொட்டாசியம் குளோரைடு கரைசலிலும் முளைத்தது. சாதாரண உப்பைக் கரைத்த நீரில் முளைக்கவில்லை. நீரிலேயே சோடியம் நிறைந்திருந்தால் படிகத்திலுள்ள சோடியம் கிளம்புவதில்லை. அருமண் அணுக்களும் இடம்பெயர வேண்டியதில்லை.