கோல் ஊன்றுவதற்கு முன்

நம் கவிதையில் நடுவயது இல்லை. மறுப்பவர்கள் மறுக்கலாம், தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

புறநானூற்றின் 243ஆம் பாட்டில், மருதமரக் கிளையிலிருந்து ஆழமான மடுவில் குதித்து மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்து காட்டுகிற பையன், இரண்டு மூன்று வரிகளுக்குள் பூண்பிடித்த தண்டை ஊன்றி, இருமலுக்கு நடுவே ஓரிரு சொல் பேசுகிற கிழவனாகிவிடுகிறான். பாடியவருக்கும் அந்தத் தண்டே பெயராக நின்றுவிட்டது. அப்பர் திருக்கொண்டீச்சரப் பதிகத்தில் தம் நாட்களைக் கணக்குப் பார்க்கிறார். பிள்ளைப் பருவத்தில் போனது, பெண்கள் மயக்கத்தில் போனது, கோலூன்றிய மூப்பில் போனது. மூன்றே இனங்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே ஒரு முப்பது வருஷம் எங்கே போயிற்று? இப்படி ஒரு கணக்கை எழுதிக்கொண்டு போனால் எங்கள் மேலாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

பிசிராந்தையாரை (புறம் 191) எதிர் உதாரணமாகக் காட்டுவார்கள். மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊர்ச் சான்றோர் என்று ஒரு குடும்பஸ்தனின் உலகம் முழுக்க அதில் இருப்பது வாஸ்தவம். ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடை? உமக்கு ஏன் நரைக்கவில்லை என்ற கேள்விக்கு. நடுவயதைப் பற்றி எனக்குத் தெரிந்த பெரிய பாட்டு ஒன்றே ஒன்று. அதுவும் வயது தன்மேல் படியவில்லை என்று சொல்லும் பாட்டு.

இந்த விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகிவிட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு 38 வயது. திருப்பாதிரிப்புலியூரில் காலை ரயிலேறிச் சிதம்பரத்தில் இறங்கி பாங்கில் உட்கார்கிறேன். நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை ருசுப்பிக்க வருவார்கள். போன நவம்பரில் ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவரின் கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவில்லை. ரேகை தேய்ந்துவிட்டது. துடைத்து வைத்தும் பயனில்லை. "பாருங்க தம்பி, நான் இருக்கேன்னு நான் சொல்றேன், இது இல்லைங்குது" என்று சிரித்தார். கடைசியில் முகத்தைப் படமெடுத்துச் சரிசெய்தோம். அவர் போனபின், யாரும் பார்க்காதபோது, என் விரலை வைத்துப் பார்த்தேன். உடனே ஏற்றுக்கொண்டது. அதில் எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சம் அசிங்கமானது.

இனி விஷயம். 25 வயதில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். புதுமைப்பித்தன் 1906இல் எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து 1948இல், 42 வயதில், க்ஷயரோகத்தால் இறந்தார். அவருக்கு ஒரு வயது இளைய மௌனி, சிதம்பரத்திலேயே வாழ்ந்து 1985இல் இறந்தார். மொத்தம் 24 கதைகள். முக்கியமானவை பலவும் முப்பதுகளின் பிற்பகுதியில், மணிக்கொடி காலத்தில், எழுதப்பட்டவை. பிறகு நீண்ட மௌனம், இடையிடையே ஒன்றிரண்டு. இந்த இரண்டு வாழ்க்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாற்பத்திரண்டில் இறந்தது புதுமைப்பித்தன் எழுத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்று எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். மஞ்சக்குப்பத்தில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மட்டும், "தம்பி, அவருக்குப் பெண் குழந்தை இருந்தது, ரெண்டு வயசு, தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும் சார், அதுக்கும் இலக்கியத்துக்கும் என்ன?" என்றேன். அவர் மேலே பேசவில்லை. காப்பி வரவழைத்தார்.

அன்று எனக்குச் 'செல்லம்மா'ளைப் படிக்கத் தெரியாது. படித்திருந்தேன், அது வேறு. வறுமைக் கதை, பட்டணம் மனிதனை நசுக்கும் கதை என்று குறித்து வைத்திருந்தேன். இப்போது மாலை ரயிலில், கிள்ளை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போகையில், மறுபடி படித்தேன். 1943இல் வந்த கதை. எழுதியவருக்கு அப்போது 37. என்னைவிட ஒரு வயது சிறியவர். துணிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவி, கடன், பண்டிகைக்குக் கடையிலிருந்து எடுத்துவந்து அவளிடம் காட்டும் புடவைகள். பெரிய சம்பவம் கிடையாது. மரணத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறார். அப்புறம் என்ன மிச்சம்? பழக்கம்தான் மிச்சம். வெந்நீர் போடுவது, கைத்தாங்கலாக உட்காரவைப்பது, கோபத்தில் அவள் சொல்வதைக் கேட்டுக்கொள்வது. கதை முடிவில் பிணத்தின் உதட்டில் ஈ உட்காராதபடி அவர் விசிறிக்கொண்டிருக்கிறார். இருபதுகளில் எனக்கு அது கையாலாகாத்தனத்தின் படிமம். அந்த விசிறலில் துக்கமே தெரியவில்லையே என்றுகூடத் தோன்றியது. இன்று பார்த்தால் துக்கத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டமுடியாத நிலை அது. வருஷக்கணக்காகச் செய்த கை செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். காதல் என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்தால் கதை கெட்டுப்போகும். வேறு சொல்லும் நம்மிடம் இல்லை.

மௌனியின் ஆட்கள் இந்த இடத்துக்கு வருவதில்லை. 'அழியாச்சுட'ரின் வாலிபனுக்கு வருஷங்கள் கழிவது ஒரு கணத்தைக் கெட்டிப்படுத்தத்தான், முதிர்வதற்கு அல்ல. பிறகு மௌனி ஏன் அதிகம் எழுதவில்லை என்பதற்கு ஆளுக்கொரு சித்தாந்தம் உண்டு. வற்றிவிட்டார் என்று நான் எழுதியிருந்தேன். 25 வயதுக்காரன் சொல்லக்கூடிய சுலபமான சொல். தனக்குக் கைவந்த தொனியை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு நாலு கதை பண்ணாமல் இருந்ததில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. அந்தக் கண்டிப்பை நான் இப்போது மதிக்கிறேன். ஆனால் அந்த வருஷங்களின் அனுபவம் கதையில் ஏறவில்லை என்ற குறையைத் திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டேன்.

பிச்சமூர்த்தி விஷயம் தனி. வக்கீல் தொழில், கோயில் நிர்வாக அதிகாரி வேலை எல்லாம் கழிந்து, 1959இல் 'எழுத்து' தொடங்கியபோது, அறுபதை நெருங்கும் வயதில் கவிதைக்குத் திரும்பினார். பத்திரிகையை ஆரம்பித்த செல்லப்பாவுக்கு 46. நாம் இளைஞர் இயக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் புதுக்கவிதையை முன்னின்று நடத்தியவர்கள் தலைநரைத்தவர்கள். என்றாலும் அவர்களும் நரையைப் பாடுபொருளாக அதிகம் எடுத்துக்கொள்ளவில்லை என்றே எனக்குப் படுகிறது.

அப்பரிடம் திரும்பிப் போகிறேன். எங்கள் ஊர்ச் சமணப் பள்ளியில் தருமசேனராக இருந்தவர், சூலைநோயோடு திருவதிகைக்கு அக்காளிடம் போகிறார். அதன்பிறகுதான் பாட்டு. குழந்தை சம்பந்தர் 'அப்பரே' என்றழைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. ஒரு சிறுவன் வாயால் கிடைத்த பெயர். கையில் உழவாரப்படை, கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்குகிற வேலை. பதிகத்தின் கணக்கில் விட்டுப்போன வருஷங்கள் அந்தச் செதுக்கலில் இருக்கின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம். பாட்டில் எழுதத் தோன்றாத அளவுக்குத் தினப்படி வேலை. பிரமநாயகம் பிள்ளையின் விசிறியைப்போல.

தமிழாசிரியர் இப்போது இல்லை. பழைய கட்டுரையைத் தொகுப்பில் சேர்க்க ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அந்த 'அதிர்ஷ்ட' வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும். அடியில் என் அப்போதைய வயதை மட்டும் அச்சிடச் சொல்லியிருக்கிறேன்.