தட்டிப் பார்க்காத தாழி

சந்தையிலே பானை வாங்கும் பாட்டிகூடத் தட்டிப் பார்க்காமல் முந்தானை முடிச்சை அவிழ்ப்பதில்லை. ஓசை சரியில்லையென்றால், குயவர் எவ்வளவு வேண்டியவராயினும், பானை திரும்பிவிடும். பொருநைக் கரையின் தாழிகளைப் பற்றி முழங்கும் நம் தோழர்களிடம் அந்தப் பாட்டியின் எச்சரிக்கை இல்லையே என்பதுதான் நமது குறை.

2025 சனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு 'இரும்பின் தொன்மை' என்னும் ஆய்வறிக்கையை வெளியிட்டது. அறிஞர் கா. ராஜனும் தொல்லியல் துறையின் இரா. சிவானந்தமும் ஆக்கியது அது. இரும்புக் கருவிகள் கிடைத்த சிவகளைப் புதைமேட்டில் எடுத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 3345 என்கிறது. மேலை ஆசியாவில் கி.மு. 1200 அளவில் இரும்புக்காலம் தொடங்கிற்று என்று படித்தவர்கள் நாம். 2022இல் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை கி.மு. 2172 என்றபோதே வியந்தோம். சிவகளையோ அதனினும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்துகிறது!

மகிழ்ச்சிதான். ஆனால், "ஐயாயிரத்து முந்நூறு ஆண்டு, இனி எவனும் வாய் திறக்க முடியாது" என்கிறார்களே, அங்கேதான் நாம் வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

வியன்னாவில் பிறந்த காரல் பாப்பர் 1934இல் ஆராய்ச்சியின் தருக்கம் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் கருத்தில் அறிவு வளர்வது ஆதரவுச் சான்றுகளை அடுக்கிக்கொண்டே போவதால் அன்று. துணிந்து ஓர் ஊகத்தை முன்வைத்து, அதை வீழ்த்த நாமே முயன்று, வீழ்ந்தால் விட்டு, வேறொன்றைத் தேடுவதால். 1919 மே திங்கள் சூரிய கிரகணத்தின்போது விண்மீன் ஒளி இவ்வளவு வளையும் என்று ஐன்ஸ்டைனின் கொள்கை அளவு கூறிற்று. வளையாதிருந்தால் கொள்கை வீழ்ந்திருக்கும். அந்த இடர்ப்பாடுதான் அறிவியலுக்கு அழகு என்றார் பாப்பர். அகத்தியர் பொதிகைக்கு வந்ததால் பொருநை பாய்ந்தது என்னும் தலபுராணத்தை எந்த அளவுகோலால் வீழ்த்துவது? வெள்ளம் வந்தால் முனிவர் அருள். வறண்டால் முனிவர் சினம். எதையும் பணயம் வைக்காத கதைக்குத் தோல்வியும் இல்லை.

புராணிகரின் இந்த வித்தை தமிழ் மேடைக்குத் தெரியாததன்று. 1864இல் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், லெமூர் இன விலங்கின் தடயம் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருப்பது எப்படி என்று எண்ணி, இடையே ஒரு கண்டம் மூழ்கியிருக்கலாம் என ஊகித்தார். லெமூரியா என்ற பெயர் அவர் இட்டது. அன்றைய நிலையில் நல்ல ஊகமே. பழைய உரைகளில் வரும் கடல்கொண்ட நாட்டை அதனோடு இணைத்துக் குமரிக்கண்டம் என்றனர் தமிழன்பர் சிலர். 1960களில் நிலத்தட்டுக் கோட்பாடு நிலைபெற்றது. கண்டங்களே நகர்ந்தன என்று தெரிந்தபின் மூழ்கிய கண்டத்திற்குத் தேவை ஒழிந்தது. ஊகித்த அறிவியல் அதைக் கைவிட்டது. மேடை கைவிட்டதா? வகுப்பில் நிலப்படத்தை விரித்தால், "ஐயா, குமரிக்கண்டம் எங்கே?" என்று இன்றும் ஒரு சிறுவன் கேட்கிறான். அவன்மீது நமக்குக் கோபமில்லை.

சிவகளைக்கு அந்தக் கதி வரக் கூடாது. ஆகவே தட்டிப் பார்ப்போம். கரியின் காலக்கணிப்பு, மரம் மாண்ட காலத்தைச் சொல்லும். இரும்பை அடித்த நாளைச் சொல்லாது. முதிர்ந்த மரத்தின் உள்வயிரம் சில நூற்றாண்டு மூத்ததாயிருக்கலாம். பழைய நெருப்பின் கரி, குழி தோண்டிய மண்ணோடு கலந்திருக்கவும் கூடும். அதே சிவகளையின் பானை ஓடு ஒன்று, மணற்பரலில் தேங்கிய ஒளியாற்றலை அளக்கும் வேறொரு முறையில், கி.மு. 2459 என்கிறது. அதே சிவகளையின் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லோ கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மூன்று எண்கள், முதலுக்கும் கடைசிக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுக்கு மேல். தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்ட நெடுங்காலப் புதைமேடு அது என்பது ஒரு விடை. கரி எங்கோ வழிதவறி வந்தது என்பது மற்றொரு விடை. எது நிற்கும் என்பதை, மூடி திறவாத தாழியில் இரும்பும் நெல்லும் கரியும் ஒன்றாகக் கிடைத்து, மூன்றையும் தனித்தனியே அளந்தால் அறியலாம்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடலாம்: "மாறுபட்ட ஓர் அளவீட்டுக்காகக் கொள்கையையே விடுவதா?" நியாயமான கேள்விதான். 1965 சூலையில் இலண்டனில் பாப்பர் தரப்புக்கும் தாமஸ் கூன் தரப்புக்கும் நடந்த வாதமே இதுதான். விஞ்ஞானிகள் ஒரு முரண்பாட்டைக் கண்டதும் கொள்கையை உதறுவதில்லை, பல காலம் பொறுக்கிறார்கள் என்றார் கூன். வரலாற்றளவில் அவர் சொன்னது உண்மை. ஆனால், பொறுப்பது வேறு. முரண்பாட்டைச் சொல்லாமல் மறைப்பது வேறு. அறிக்கை எழுதியவர்கள் மறைக்கவில்லை. புளோரிடா, இலக்னோ, அகமதாபாத் ஆகிய மூன்று ஊர்களின் ஆய்வகங்களுக்கு மாதிரிகளை அனுப்பி, வந்த எண்களை அச்சிட்டிருக்கிறார்கள். மறைப்பது, அறிக்கையில் ஓர் எண்ணை மட்டும் உருவி எடுத்துக்கொண்ட மேடைதான்.

எதிர்த்தரப்பாரை இதனால் விட்டுவிட்டோம் என்று எண்ண வேண்டாம். ஆதிச்சநல்லூரில் 1876இல் செருமானியர் யாகோர் தோண்டினார். பின்னர் அலெக்சாந்தர் ரீ தோண்டிப் பட்டியலும் அச்சிட்டார். விடுதலை பெற்ற இந்தியாவின் தொல்லியல் துறையோ 2004-05இல் நூற்றறுபதுக்கு மேற்பட்ட தாழிகளை எடுத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் அறிக்கை வெளியிடாமல் கிடந்தது. அந்த அகழ்வின் மாதிரிகளுக்குக் கி.மு. 905, 696 என்று காலம் கிடைத்ததை நாம் அறிந்ததே 2019இல், மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்கு நடந்தபோதுதான். வெளிவராத அறிக்கையை யார் சோதிப்பது? அதைத் தட்டிக் கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமானால், நம் தாழியைத் தட்டும் கையை நாம் பிடிக்கலாகாது.

அடுத்த கூட்டத்தில் 3345 என்று முழங்கப் போகும் தோழரை ஒன்று கேட்டு வைக்கிறோம்: 2459 என்பதையும் 1155 என்பதையும் அதே குரலில், அதே மூச்சில் சொல்வீர்களா?