பங்குனி ஆமையின் பூர்வீகம்

தை பிறந்ததும் கடலூர் மாவட்டக் கரைகளில் பங்குனி ஆமைகள் இரவில் மணலேறி முட்டையிடத் தொடங்கும். முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்தால் ஏறத்தாழ ஐம்பது நாளில் குஞ்சுகள் கடலுக்குப் போகும். அதே மாதங்களில், இழுவலையில் சிக்கி மூச்சடைத்துச் செத்த தாய் ஆமைகளும் கரை ஒதுங்கும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் ஒதுங்கின. இவை அந்தந்தக் கரைக்கே உரிய ஆமைகளா, ஒடிசாவில் லட்சக்கணக்கில் கூடும் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவையா? இதற்கு மரபணுவிலிருந்து விடை தேடிய ஆய்வு 2004இல் 'மாலிக்யூலர் எக்காலஜி' இதழில் வந்தது. ஆமை ஆய்வாளர் கார்த்திக் சங்கரும், ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங் உள்ளிட்டோரும் எழுதியது.

அந்த ஆய்வு இரண்டு முடிவுகளைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் ஏற்றுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல.

முதல் முடிவு: இந்தியக் கிழக்குக் கரை ஆமைகள் எல்லாம் தமக்குள் கலந்து பெருகும் ஒரே கூட்டம். அவற்றில் ஏறத்தாழ 96 சதவீதம், இலங்கை உட்பட வேறெங்கும் காணப்படாத 'கே' என்ற தாய்வழிக் கிளையைச் சேர்ந்தவை. இதற்கான சான்று மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு இறங்குவது. ஒரே ஒரு இழையை மட்டும் பார்த்தார்களே என்று குறை சொல்லத் தோன்றும். ஆனால் இந்தக் கேள்விக்கு அந்த இழைதான் மிகக் கூர்மையான கருவி. பெண் ஆமைகள் தாம் பிறந்த மணலுக்கே தவறாமல் திரும்பினால், கரைக்குக் கரை வேறுபாடு முதலில் தாய்வழியில்தான் தெரிய வேண்டும். ஆண்கள் கடலில் எங்கு இணைந்தாலும் அது இந்த இழையைத் தொடாது. அங்கேயே வேறுபாடு தெரியவில்லை என்றால், கூட்டம் ஒன்றே என்ற வாதம் வலுவானது.

ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். இந்த ஒற்றுமை இன்றைய கலப்பால் வந்ததா, அண்மைக்காலத்தில் ஒரே இடத்திலிருந்து பரவியதால் வந்ததா என்பதை மரபணு தனியாகச் சொல்லாது. அதைச் சொல்வது துடுப்பில் பொருத்தும் எண் வில்லை. 2021இல் ஒடிசாவில் வில்லை மாட்டப்பட்ட ஓர் ஆமை, 2025இல் மகாராஷ்டிரத்தின் குஹாகரில் முட்டையிட்டது. தீபகற்பத்தையே சுற்றிப் போகும் ஓர் உயிருக்குக் கடலூரும் ஒடிசாவும் தனித்தனி ஊர்களாக இருக்க வாய்ப்பு குறைவு.

இரண்டாம் முடிவு பெரியது: உலகக் கடல்களில் இன்று வாழும் பங்குனி ஆமைகளுக்கெல்லாம் இந்தியப் பெருங்கடல் கிளைகளே மூலம். படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. அதனாலேயே கூடுதலாக உரைத்துப் பார்க்க வேண்டும். நிலவியல் இதற்கு ஒத்துப் போகிறது. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலச்சந்தி எழுந்து இரு பெருங்கடல்களைப் பிரித்தது. அட்லாண்டிக் பக்கம் நின்றது கெம்ப் ஆமை என்ற தனி இனமாயிற்று. மறுபக்கத்துக் கால்வழியின் பழைய கிளை நம் கடலில் தங்கியது என்பது நம்பத்தக்க கதை. ஆனால் ஒரு குலப்பெயர் ஒரே ஊரில் மிஞ்சியிருப்பதால் குலமே அவ்வூரில் தோன்றியது என்று ஆகிவிடாது. மற்ற ஊர்களில் பெண்வாரிசு அற்றுப்போயிருக்கலாம். மேலும், இடப்பெயர்வின் திசையைக் கணிக்க அவர்கள் துணைக்கொண்ட அடுக்குக் கிளைப் பகுப்பாய்வு முறை, நடக்காத வரலாற்றையும் நடந்ததாகக் காட்டிவிடும் என்பதைப் பின்வந்த கணினிச் சோதனைகள் வெளிக்கொணர்ந்தன. வழக்கமான பகுப்பாய்வும் அதே திசையைக் காட்டியது உண்மைதான். அதுவும் அதே ஒற்றை இழையின் மேல்தான் நிற்கிறது.

முழு ஜீனோம் வந்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்பதும் பாதி உண்மை. 2021இல் ஒடிசாவின் சிமிலிபால் காட்டுக் கரும்புலிகளைப் பற்றிய ஆய்வில், மரபியலாளர் உமா ராமகிருஷ்ணன் குழு கருநிறத்துக்குக் காரணமான, ஒரேயொரு மரபணுவின் ஓர் எழுத்து மாற்றத்தைப் பிடித்தது. வண்டலூர் உள்ளிட்ட பூங்காப் புலிகளின் வம்சாவளியும், காட்டில் சேகரித்த மாதிரிகளும் சேர்ந்ததால்தான் அது முடிந்தது. ஓர் ஆமையின் ஜீனோமைப் படித்து முடிப்பது வேறு. நூறு ஆமைகளை ஒப்பிடுவது வேறு.

ஆகவே என் தீர்ப்பு: ஒரே கூட்டம் என்பதை ஏற்கலாம், அதன்மேல் கொள்கை வகுக்கலாம். கடலூருக்கு நேரே வலையில் சாகும் தாய் ஒடிசாவின் கணக்கிலும் குறைகிறது. இழுவலைக் கட்டுப்பாட்டை மாநிலவாரியாகத் தளர்த்த இந்தச் சான்று இடம் தராது. உலகின் மூலத்தாய் என்பதை இப்போதைக்குக் கருதுகோள் என்றே எழுத வேண்டும்.

மரபணுவிடம் இனிக் கேட்க வேண்டியது வெப்பத்தைப் பற்றி. மணல் ஏறத்தாழ 29–30 டிகிரியைத் தாண்டினால் குஞ்சுகள் பெரும்பாலும் பெண்ணாகின்றன. அந்த எல்லை தாய்க்குத் தாய் வேறுபடுகிறதா, அது மரபாக இறங்குகிறதா என்பது தெரிந்தால்தான் சூடேறும் கரையில் இந்த இனம் தன்னை மாற்றிக்கொள்ளுமா என்று பேச முடியும். இத்தகைய வேலைக்கு, சிதம்பரத்துக்கு வடகிழக்கே பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்துக்கு, மீன்களின் டி.என்.ஏ. பார்கோடு எடுத்த அனுபவம் உள்ளது. பார்கோடு இனத்தை அடையாளம் காட்டும், பரிணாமத்தைச் சொல்லாது. அடுத்த படி ஏற மாதிரி வேண்டும். செத்து ஒதுங்கும் ஒவ்வோர் ஆமையிடமிருந்தும், உரிய அனுமதியோடு, குழியில் தள்ளி மூடும்முன் விரல்நுனி அளவு திசுவை எடுத்து, நாளும் கரையும் எழுதி எத்தனாலில் போட்டு வைத்தால் அந்தச் சேகரம் தொடங்கிவிடும்.