குண்டலகேசி ஏறிய மலை

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசி நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. நாதகுத்தனார் இயற்றிய அந்நூலில் இன்று எஞ்சியவை 19 பாடல்களே. கதையை நீலகேசி உரை வாயிலாகவும், தம்மபாலர் பாலி மொழியில் வரைந்த தேரிகாதை உரை வாயிலாகவும் அறிகிறோம். கொல்ல வந்த கணவனை மலையிலிருந்து தள்ளிய பெண் என்ற ஒற்றை வரியில் இக்கதையைச் சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். ஆயினும், காப்பியத்தின் உயிர் அந்தத் தள்ளலில் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் அவள் உள்ளத்தில் நிகழ்ந்தவற்றிலேயே இருக்கிறது.

கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்படும் கள்வன் காளனைக் கண்டு காதலுறுகிறாள் வணிகன் மகள் பத்திரை. தந்தை அவனை மீட்டு மணம் முடித்துவைக்கிறார். பின்னொரு நாள் ஊடலின்போது, அவன் கள்வனாய் இருந்ததை விளையாட்டாகச் சொல்லிவிடுகிறாள். அவன் சினத்தை வெளிக்காட்டவில்லை. நெஞ்சிற் புதைத்துவைத்து, அன்பொழுகப் பேசி மலைக்கு அழைக்கிறான். இது தமிழ் மரபு. பாலி உரையிலோ அவனுக்கு வேண்டியவை அவளுடைய நகைகள். மலைத்தெய்வத்திற்கு நேர்த்திக்கடன் என்று பொய்யுரைக்கிறான். ஒன்றில் ஒரு சொல்லுக்குத் தண்டனை; மற்றொன்றில் உடைமைமேல் ஆசை. இரண்டும் அணிந்திருப்பது அன்பு என்னும் முகமூடியையே.

அந்த முகமூடியை அவள் எப்படிக் கண்டுகொண்டாள்? பாலி உரை நுட்பமாகச் சொல்கிறது: மலையேறும் வழியில் அவன் அன்பான சொல் ஒன்றும் பேசவில்லை, அக்குறிப்பாலேயே அவன் எண்ணத்தை உணர்ந்தாள். அவன் இன்னும் அவளைத் தீண்டவில்லை. அடி விழும்வரை அவள் காத்திருக்கவுமில்லை.

நம் சமுதாயமோ, துன்புறும் மனைவியிடம் முதலில் கேட்பது, "அடித்தானா?" என்பதே. இல்லையென்றால், பொறுத்துப் போகச் சொல்கிறது. சட்டம்கூட இவ்வுண்மையைத் தாமதமாகவே ஏற்றது. மலேசியாவின் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், மனத்தைக் காயப்படுத்தும் உளவியல் கொடுமையும் வன்முறையே என்பது 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே தெளிவாக இடம்பெற்றது. காப்பியப் பெண் ஒரு மௌனத்தில் கண்டதைச் சட்டநூல் எழுதப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

கொலையைப் போற்றுவது நம் நோக்கமன்று. பத்திரைக்கு அந்த உச்சியில் வேறு வழியில்லை. இன்று நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை உண்டு. 1982இல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டமும் உண்டு.

அடுத்து வருவதே நாம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. உயிர் பிழைத்த பத்திரை, இந்நிலையில் வீடு திரும்ப இயலாது என்று எண்ணித் துறவு பூண்கிறாள். குற்றம் அவனுடையது, நாணமோ அவளுடையது! சமண சமயத்தில் சேர்ந்து கூந்தலைக் களைகிறாள். அது மீண்டும் சுருண்டு வளரவே, குண்டலகேசி எனப் பெயர் பெறுகிறாள். ஊர்தோறும் நாவற்கிளையை நட்டு வாதுக்கு அழைக்கிறாள். இறுதியில் சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தம் தழுவுகிறாள். விரைந்து மெய்யுணர்ந்த பிக்குணிகளுள் தலையாயவள் எனப் புத்தரால் பாராட்டப்படுகிறாள். ஒரு விளையாட்டுச் சொல்லுக்காகக் கொல்லப்பட இருந்தவள் சொல்லாலேயே வாழ்வை மீட்டாள். அவள் புண் ஆறியது மறதியால் அன்று. கேள்வி கேட்கும் உரிமையைத் திரும்பப் பெற்றதால்.

மாணவர்க்கு இக்கதையைக் கற்பிப்போர் இவ்விரண்டாம் பாதியையும் கற்பித்தல் வேண்டும். இரப்பர்த் தோட்டமாயிருந்து மாடிவீடுகளாய் உயர்ந்த பங்சாரிலும், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வீடுகளிலும், அன்பில்லாத மௌனத்தைப் படித்தறிந்த பெண்கள் இருக்கக்கூடும். அவர்கள் தாய்வீட்டுக் கதவைத் தட்டும்போது அக்கதவு திறக்குமா என்பதே இக்காப்பியம் நம்மிடம் விட்டுச்சென்ற வினா. பத்திரை தட்டாமலே திரும்பிப்போனாள். நம் வீட்டுப் பெண்கள் அவ்வாறு போகலாகாது.