‘தி கோல்ட்ஃபின்ச்’ நாவலில் காதலும் கைக்கிளையும்

டானா டார்ட் எழுதி 2013இல் வெளிவந்து, 2014இல் புலிட்சர் பரிசு பெற்ற ‘தி கோல்ட்ஃபின்ச்’ என்னும் அமெரிக்க நாவலில் தியோ, பிப்பா ஆகிய இருவரும் பெற்றோரை இழந்து பிறர் அரவணைப்பில் வளர்ந்தவர்கள். நியூயார்க் அருங்காட்சியகக் குண்டுவெடிப்பில் தியோ தாயை இழக்கிறான். பிப்பா தன்னை வளர்த்த வெல்ட்டியை இழக்கிறாள். தலைக்காயத்தால் அவளது இசைக்கனவும் சிதைகிறது.

வலிநீக்கி மாத்திரைகளுக்குத் தியோ அடிமையாவதை ஆசிரியர் பல பக்கங்களில் நுணுகி விவரிக்கிறார். பிப்பாவின் புல்லாங்குழல் இழப்போ மிகச் சுருக்கமாகவே கூறப்படுகிறது. கதை முழுதும் தியோவின் கூற்றாக அமைந்ததே இதற்குக் காரணம் எனலாம். ஆயினும் அது முழுச் சமாதானம் ஆகாது. பிப்பாவிடம் தியோ தேடுவது பிப்பாவை அன்று. தாய் உயிரோடிருந்த கடைசிக் காலைப்பொழுதையே.

இக்காதலைக் கைக்கிளை என வகைப்படுத்தத் தோன்றும். ஆனால் கைக்கிளையில் மறுமொழிக்கு இடமில்லை. இங்கோ பிப்பா விடை தருகிறாள். இருவரின் குறைகளும் ஒத்தவை. ஆதலின் ஒருவர் மற்றவரை விரைவில் வீழ்த்திவிடக்கூடும் என்பதே அவள் மறுப்பின் சாரம். வெறுப்பினால் எழுந்த மறுப்பன்று அது. கதைசொல்லியின் ஏக்கத்திற்கு அப்பால் அவளது சிந்தனை தெளிவாக வெளிப்படும் அரிய இடமும் அதுவே. ஆசிரியர் அதனை நாவலின் இறுதிவரை ஒத்திவைத்துவிட்டார்.